பீரோ சாவி எங்கயோ வெச்சேன்

மொட்டை மாடிச் சாவியைக் கேட்டவுடன் எங்கள் வீட்டு ஓனர் எடுத்துக் கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. "எங்கயோ வெச்சேன், இரு கண்ணு" என்பார். முந்தானையை உதறிப் பார்ப்பார். ஃப்ரிட்ஜ் மேல் தடவுவார். சாமி படத்துக்குப் பின்னால் கையை விடுவார். நான் இடுப்பில் ஈரத்துணி வாளியோடு வாசலில் நிற்பேன். ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் மழை மாதங்களில் வெயில் தலைகாட்டுவதே கொஞ்ச நேரம். அதற்குள் இவர் தேடி முடித்து, நான் மாடி ஏறி, துணி காய்ந்து... எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். பிறந்தது தூத்துக்குடிப் பக்கம். எங்கள் தெருவில் எல்லோருக்குமே அப்படித்தான். கல்யாணமாகி ஓசூருக்கு வந்து, ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டே இருந்தவள். எனக்கென்று பார்த்து இப்படி ஒரு ஓனர் வந்து வாய்த்தார்.

ஓனரக்கா. வரிசையாக இருந்த நாலு வீட்டுக் குடித்தனக்காரர்களும் அப்படித்தான் கூப்பிடுவோம். வந்த புதிதில் நான் 'ஆன்ட்டி' என்றதற்கு, "சோப்பு விளம்பரத்துல வர்ற மாதிரி இருக்குது, அக்கான்னே கூப்பிடு" என்று சொல்லிவிட்டார். ஐம்பதைத் தாண்டியவர். நல்ல உயரம், விறுவிறுவென்று நடை. வீட்டில் பாதி கன்னடம் பாதி தமிழ், எங்களிடம் தமிழ், பால்காரரிடம் தெலுங்கு. கோபம் வந்தால் மட்டும் எதிரில் யார் நின்றாலும் கன்னடம்தான். கணவர் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. தேன்கனிக்கோட்டை போகும் வழியில் கொஞ்சம் நிலம், அதில் ரோஜாவும் குடைமிளகாயும். ஒரே மகன். கம்பெனியில் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறவன், கல்யாணம் ஆகாதவன்.

நாலு வீட்டில், என் மகள் உள்பட எந்தக் குழந்தைக்கு எப்போது தடுப்பூசி, யாருக்கு எந்த வாரம் நைட் ஷிப்ட், எல்லாம் அக்காவுக்கு நாக்கு நுனியில் இருக்கும். சாவி மட்டும் நினைவிருக்காது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்து யோசிக்க எனக்கு அப்போது தோன்றவில்லை. வயசாச்சு, மறதி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் எங்கள் மேனேஜர் போனில் கூப்பிட்டு, யாரோ செய்த தவறுக்கு என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அன்றைக்கு எனக்கு விடுமுறை வேறு. நேரில் போய் வேலையை அவர் மூஞ்சியிலேயே எறிந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். என் ஸ்கூட்டி அக்காவின் ஷெட்டுக்குள் நின்றது. ஷெட்டுக்குப் பூட்டு. சாவி?

"எங்கயோ வெச்சேன், இரு."

"அக்கா, சீக்கிரம் போகணும்!"

"தேடிக்கினுதான இருக்கறேன். நீ நின்னா கெடைச்சிடுமா? உக்காரு. ஒரு வாய் காபி குடி."

காபி வந்தது. காபியோடு அவர் தங்கச்சி மாமியார் கதை வந்தது. கதை முடிந்தபோது சாவியும் கிடைத்தது. அப்போது எனக்கு ஸ்கூட்டியை எடுக்கவே தோன்றவில்லை. மறுநாள் வேலைக்குப் போனேன். மேனேஜரே வந்து மன்னிப்புக் கேட்டார். அந்த ஷெட்டுச் சாவிக்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். எங்கே சொன்னேன்? இவருக்கு ஒரு சாவி மாட்டும் பலகை வாங்கிக் கொடுத்தால் என்ன என்றுதான் என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன்.

அந்த வீட்டில் ஒரு துப்பாக்கி இருப்பது எனக்கு ஆயுத பூஜை அன்றுதான் தெரிந்தது.

எங்கள் கம்பெனியில் புது மெஷின் நிறுவ வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் அமெரிக்கர், டெக்சாஸ்காரர். இன்னொருவர் ஜப்பான்காரர். அவர்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை. பூஜை விடுமுறையில் ஓட்டலில் தனியாகக் கிடப்பார்களே என்று வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். விஷயம் கேள்விப்பட்ட அக்கா, "என் வூட்லயே இலை போடு, உன் வூட்ல நாலு பேர் உக்கார முடியாது" என்றுவிட்டார்.

போய்ப் பார்த்தால் கூடத்தில் ஒரு பலகை. அதன்மேல் ரோஜாக் கிளை வெட்டும் கத்தரிகள், மருந்தடிக்கும் டேங்க், மகனின் ஸ்பேனர்கள், இவற்றுக்கு நடுவில் இரட்டைக்குழல் துப்பாக்கி. குழலுக்குச் சந்தனம், கட்டைக்குக் குங்குமம், மேலே ஒரு முழம் சாமந்தி. நான் இரண்டடி பின்வாங்கினேன்.

"எங்க மாமனாரு வாங்குனது" என்றார் அக்கா. "பன்னி தொல்லைக்குன்னு லைசென்ஸ் குடுத்தாங்க. அப்புறம் எங்க வூட்டுக்காரர் பேருக்கு வந்துச்சு, இப்ப என் பேருக்கு. இப்பல்லாம் பன்னியச் சுட்டா பாரஸ்ட்காரன் வந்து நிப்பான். ஆனைக்கு வேட்டு வெச்சாவே போதும். இது சும்மா பீரோல தூங்குது."

டெக்சாஸ்காரர் பலகை அருகே போய்க் குனிந்தார். கையால் தொடவில்லை. உள்ளே குண்டு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். "இல்ல, அது தனியா இருக்குதுன்னு சொல்லு" என்ற அக்காவுக்கு அந்த ஒரு கேள்வியிலேயே அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. இலையில் அவருக்கு மட்டும் வடை கூடுதலாக விழுந்தது.

"உங்க வூட்ல இருக்குதான்னு கேளு."

ஒரு அலமாரி நிறைய இருக்கிறதாம்.

"சாவி யார்கிட்ட?"

சாவி தன்னிடம்தான் என்றார் அவர். ஆனால் ஒரு கைத்துப்பாக்கி மட்டும் கட்டிலுக்குப் பக்கத்து டிராயரில் இருக்கும், அதற்குப் பூட்டு கிடையாது. ஏன் என்றால், அவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே பெரிய வெட்டவெளி. கூப்பிட்டால் போலீஸ் வந்து சேர நேரமாகும். திருடன் வரும்போது பூட்டைத் திறந்துகொண்டிருக்க முடியுமா? "என் வீட்டை நான்தான் காப்பாற்ற வேண்டும். அது என் பொறுப்பு" என்றார். பெருமையடித்துச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படி நினைத்துச் சொன்னார்.

அக்கா கரண்டியைப் பிடித்தபடி யோசித்தார். "அவுரு சொல்றதும் நியாயந்தான். நம்ம வாசல்ல நின்னு ஒரு கத்து கத்துனா நாலு வூடும் ஓடியாந்துடும். அவுருக்கு யாரு வர்றது? ஆனா ஒண்ணு கேளு. திருடன் வர்றது எப்பவோ ஒரு தரம். வூட்டுக்குள்ள கோவம் வர்றது தெனமும் வருதே, அதுக்கு அந்த டிராயரு தெறந்தே கெடந்தா பரவாயில்லியா?"

நான் கொஞ்சம் பதமாக்கித்தான் சொன்னேன். மனுஷர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "என் மனைவியும் இதையேதான் கேட்கிறாள்" என்றார்.

அதுவரை வாயைத் திறக்காமல் ரசத்தை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்த ஜப்பான்காரர், தன் அண்ணனும் கிராமத்தில் துப்பாக்கி வைத்திருப்பதாகச் சொன்னார். மலையிலிருந்து பன்றிகள் இறங்கி வயலை நாசம் செய்கின்றனவாம், நம் ஊர் போலவே. ஆனால் அங்கே லைசென்ஸ் வாங்குவதற்குள் உயிர் போய்விடும். துப்பாக்கி ஒரு பெட்டியில், தோட்டா வேறு பெட்டியில். இரண்டையும் போலீஸ் வீட்டுக்கே வந்து பார்க்கும். அதோடு விடாது. மனைவியை, அக்கம்பக்கத்தாரை விசாரிக்கும். இவர் குடிப்பாரா, சண்டை போடுவாரா, மனசு சரியில்லாமல் இருக்கிறாரா? "அண்ணி கோபமாக இருக்கும் நாளில் போலீஸ் வந்துவிடக்கூடாது என்று அண்ணனுக்கு எப்போதும் பயம்" என்றார்.

அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பக்கத்து வூட்ல கேப்பாங்களா! அட, அதுல்ல ஊரு!" என்று தொடையைத் தட்டினார். என் பக்கம் திரும்பி, "ஏங்கண்ணு, என்னப் பத்தி வந்து கேட்டா நீ என்னா சொல்லுவ?" என்றார். "சரியான மறதிக்காரி, சாவியைக் கண்ட இடத்துல போட்டுட்டுத் தேடுவாங்கன்னு சொல்லுவேன்" என்றேன். எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தது அவர்தான். என் நகைச்சுவைக்குத்தான் சிரிக்கிறார் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மகன் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தான். கூலிங் கிளாஸ் வேறு. குடித்தனக்காரர் யாரோ அக்காவிடம் காட்டிவிட்டார்கள். சுவர் தாண்டி எனக்குக் கன்னடம் கேட்டது. அப்புறம் தமிழிலும் கேட்டது: "உங்க தாத்தா பன்னி வெரட்ட வாங்குனாரு, போஸ் குடுக்க இல்ல!" அவன் முணுமுணுத்துக்கொண்டே போட்டோவை அழித்தான். நல்ல பையன்தான். எங்கள் காஸ் சிலிண்டரைத் தூக்கி வைத்துவிட்டுப் போவான். ஆனால் யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் அவ்வளவுதான், என்னைவிட மோசம்.

சில நாள் கழித்து அக்கா என்னிடம் ஒரு வளையத்தில் இரண்டு சாவிகளைக் கோத்துக் கொடுத்தார். "மோட்டார் ரூம் சாவி. நீதான் காலையில சீக்கிரம் எழுந்திரிக்கற, டேங்குக்குத் தண்ணி ஏத்திடு. என்கிட்ட இருந்தா எங்கயாச்சும் வெச்சிடுவேன்."

"இன்னொண்ணு எதோட சாவிக்கா?"

"அது எதோ பழைய பூட்டோடது. கெடக்கட்டும் உடு."

எனக்கு ஒரு சாவியாவது கேட்காமல் கிடைத்ததே என்று வாங்கி அடுப்படி ஆணியில் மாட்டினேன்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பலகையில் துப்பாக்கி இல்லை. பீரோ சாவி கிடைக்கவில்லையாம். அக்கா பூட்டிய பீரோக் கதவிலேயே சந்தனம் குங்குமம் வைத்து, கைப்பிடியில் சாமந்தியைச் சுற்றிவிட்டார். மகன் கடுப்பில் இருந்தான். "இருக்கற ஒரு சாவியையும் தொலைச்சிட்டு, கதவுக்குப் பூஜை பண்ணுது" என்று என்னிடம் முறையிட்டான். நானும் உச்சுக்கொட்டினேன்.

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மோட்டாரை நிறுத்தி, அறையைப் பூட்டி, சாவி வளையத்தை நைட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வருகிறேன். அக்கா வாசல் படியில் அமர்ந்து அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்தார். மகனின் பைக் வந்து நின்ற வேகத்தில் கேட் ஆடியது.

"அம்மா! பீரோ சாவியக் குடு!"

அவன் முகத்தைப் பார்த்ததும் நான் போன காலோடு நின்றேன். கண் சிவந்து, உதடு துடிக்கிறது. தோட்டத்து ஆள் போன் செய்து, எல்லைக் கல்லையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள் என்று சொல்ல, இவன் போய்ப் பார்த்திருக்கிறான். ஒரு கல்லும் இல்லை. பக்கத்து நிலம் சித்தப்பா மகனுடையது. ரோஜா ஷெட்டுக்குப் போகிற வழி சம்பந்தமாகப் போன வாரம்தான் இரண்டு பேருக்கும் வாய்த்தகராறு. 'உன் கல்லப் புடுங்கி எறியறேன் பாரு' என்று அவன் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறான். அப்புறம் வேறு யாரைச் சந்தேகப்பட?

"சொன்ன மாதிரியே செஞ்சிட்டாம்மா. இன்னிக்கி ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன். சாவியக் குடு!"

அக்கா கையிலிருந்த கொட்டையைப் பிதுக்கி முடித்து, கிண்ணத்தில் போட்டார். "சாவியா? எங்கயோ வெச்சேன், இரு சாமி."

"அம்மா!"

"தேடறேன்டா. நீயும் தேடு. அரிசி டிரம்முல பாரு."

அவன் டிரம்முக்குள் தோள்வரை கையை விட்டான். இல்லை. சாமி அலமாரியில் பார்த்தான். இல்லை. மெத்தையைப் புரட்டினான். "கண்ணு, நீயும் வந்து தேடேன்" என்று அக்கா என்னை உள்ளே கூப்பிட்டார். நான் அவர் காதருகே போய், "அக்கா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், கிடைச்சாலும் கொடுத்துடாதீங்க" என்றேன். "எங்க கெடைக்குது, குடுக்கறதுக்கு!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். கிழவிக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அங்கே ஒரு உயிர் போகப்போகிறது, இங்கே இவனுடைய வாழ்க்கை முடியப்போகிறது, இவர் நிஜமாகவே சாவி தேடிக்கொண்டிருக்கிறாரே!

"பரண் மேல பித்தளை அண்டாவுக்குள்ள போட்டேனா என்னவோ."

அவன் பரணில் ஏறினான். மேலிருந்து வருஷக்கணக்கான தூசி இறங்கியது. அண்டாவை உருட்டும் சத்தம். பிறகு தும்மல். ஒன்றல்ல, தும்மிக்கொண்டே இருந்தான். கீழே இறங்கியபோது தலைமுடி, புருவம் எல்லாம் ஒட்டடை. நேராக என் முன்னால் வந்து நின்றான். நான் நடந்ததில் பாக்கெட் சத்தம் போட்டிருக்கிறது.

"அது என்ன சாவி?"

"மோட்டார் ரூம் சாவி" என்றேன். எடுத்து அவன் முகத்துக்கு நேராக நீட்டியும் காட்டினேன். அவன் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

"பீரோவ ஒடைக்கறேன்."

"ஒடை" என்றார் அக்கா. "எங்கப்பா என் கல்யாணத்துக்கு சீரா குடுத்த பீரோ. ஒடைச்சிக்க. கடப்பாரை மோட்டார் ரூம்ல இருக்குது. கண்ணு, போய்த் தெறந்து உடு."

நான் அக்காவை முறைத்தேன். அவன் என் பின்னாலேயே வந்தான். என் வாழ்க்கையில் நான் வேண்டுமென்றே மெதுவாகச் செய்த முதல் வேலை அதுதான். வளையத்தில் எது மோட்டார் ரூம் சாவி என்று எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். நான் மற்றதை எடுத்துப் பூட்டில் விட்டேன். இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன். "என்னமோ தெரியல, தொறக்க மாட்டேங்குது" என்றேன். அவன் பின்னால் நின்று மூச்சிரைத்தான். இன்னும் எவ்வளவு நேரம் இதை ஓட்ட முடியும்? முருகா, யாராவது வாங்களேன் என்று உள்ளுக்குள் அழுதேன்.

வந்தது யார் தெரியுமா? அந்தச் சித்தப்பா மகனேதான். இன்னொரு பைக்கில், வேர்த்து விறுவிறுத்து.

"பெரிம்மா! அண்ணா இருக்கறானா? டேய் அண்ணா, போன் பண்ணா எடுக்க மாட்டியா? லேஅவுட் போடறவன் ஜேசிபி விட்டு நம்ம கல்லெல்லாம் தள்ளிட்டான்டா! உன் பக்கமும் போச்சு, என் பக்கமும் போச்சு. டிரைவர நிறுத்தி வெச்சிட்டு வந்திருக்கறேன். தனியா பேசுனா மதிக்க மாட்டான். வாடா சீக்கிரம்!"

மகன் என் பக்கத்தில் நின்றவன் அப்படியே மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்துவிட்டான். சித்தப்பா மகன் அவனை மேலும் கீழும் பார்த்து, "என்னாடா இது கோலம்?" என்றான்.

"பொங்கல் வருதில்ல, பரண்ல ஒட்டடை அடிக்கச் சொன்னேன்" என்றார் அக்கா. "ரெண்டு பேரும் மோரு குடிச்சிட்டுப் போங்க. வெறும் வயித்துல போயி சண்ட போடாதீங்க."

ஒரே பைக்கில் போனார்கள் இருவரும். மகன் பின்னால் உட்கார்ந்து, தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு போனான். பைக் தெரு முனையைத் திரும்பும்வரை அக்கா நின்றார். அப்புறம்தான் படியில் உட்கார்ந்தார். அவரைக்கொட்டைக் கிண்ணம் கைதவறிக் கவிழ்ந்தது.

"அந்தச் சாவியக் குடு" என்றார்.

மோட்டார் ரூம் வளையத்தைக் கொடுத்தேன். அதிலிருந்து அந்தப் பழைய பூட்டுச் சாவியைக் கழற்றி, உள்ளே போய், பீரோவில் விட்டுத் திருப்பினார். கதவு சத்தமில்லாமல் திறந்தது. உள்ளே போர்வைக்குள் அது நீளமாகக் கிடந்தது. பார்த்துவிட்டு மறுபடி பூட்டினார்.

நான் அழுதேன். திட்டினேன். அத்தனை நேரமும் அந்தச் சாவி என் பாக்கெட்டில் குலுங்கியிருக்கிறது. அவன் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறேன். மோட்டார் ரூம் பூட்டில் விட்டுத் திருகியிருக்கிறேன்! "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"சொல்லியிருந்தா உன் கண்ணு காட்டிக் குடுத்திருக்கும். உனக்குக் கோவந்தான் வருது, பொய் எங்க வருது?" என்று என் முகத்தைத் துடைத்துவிட்டார். "எனக்கு மறதியெல்லாம் ஒரு மண்ணும் இல்ல கண்ணு. தேடற நேரத்துல பாதிக் கோவம் போயிடும். மீதிக்கு ஒரு காபி. எங்க வூட்டுக்காரர் இருந்தப்பவே இப்படித்தான். அந்த மனுஷனுக்கும் கடைசி வரைக்கும் நான் மறதிக்காரிதான்."

எனக்கு அந்த ஷெட்டுச் சாவி ஞாபகம் வந்தது. தங்கச்சி மாமியார் கதையும் ஞாபகம் வந்தது. "அடப்பாவி அக்கா!" என்றேன். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தோம். நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. சிதறின கொட்டையை எல்லாம் பொறுக்கி, குழம்பு வைத்து, எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

அடுத்த தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஸ்டேஷனில் ஒப்படைக்கும்படி வழக்கம்போல உத்தரவு வந்தது. எல்லோரும் கடைசி நாள்வரை இழுப்பார்கள். அக்கா மறுநாளே ஆட்டோ வரச் சொல்லிவிட்டார். போர்வையோடு அதைத் தூக்கிக்கொண்டு வந்து ஆட்டோவில் வைத்தவன் மகன்தான். ஸ்டேஷனில் ஒரு ரசீது கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரருக்கு அமெரிக்காவில் இரண்டு வருஷ புராஜெக்ட் கிடைத்து, நாங்கள் வீட்டைக் காலி செய்தோம்.

அங்கே என் மகள் பள்ளியில் கூடப் படிக்கும் ஒரு பிள்ளை வீட்டுக்கு விளையாடப் போக வேண்டும் என்று அடம்பிடித்தாள். கொண்டுபோய் விட்டவள், வாசலில் நின்றுகொண்டு திரும்பி வர முடியாமல் தவித்தேன். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ? கடைசியில் கேட்டேவிட்டேன். "உங்க வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? சாவி யாரிடம்?" அந்தப் பெண் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்டதற்கு நன்றி என்றாள். இருக்கிறது, நம்பர் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில். பிறகு உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "போன மாதம் நம்பரை மாற்றிவிட்டேன். என் கணவருக்கு இன்னும் தெரியாது. கேட்டால், மறந்துவிட்டது என்று சொல்வேன்." எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மகளை விட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு வருஷம் முடிந்து ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அக்காவைப் பார்க்க மத்திகிரிக்குப் போனேன். முடி கொஞ்சம் நரைத்திருந்தது. நடை அதே வேகம். மகனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அக்கா உள்ளே காபி போட, நான் கூடத்தில் மகனோடு பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். துப்பாக்கி இன்னும் ஸ்டேஷனிலேயே இருக்கிறதாம். தேர்தல் முடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. எல்லோரும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"எத்தனை தடவை போன் பண்றதுப்பா? அம்மாகிட்ட கேட்டா, அடுத்த எலக்‌ஷன் வருதில்ல, அதுக்கும் சேத்து அங்கயே இருக்கட்டும்ங்கறாங்க. லைசென்ஸும் முடியப்போவுது. ரசீதை எடுத்துக்கினு வந்து வாங்கிட்டுப் போங்க. வேணாம்னா எழுதிக் குடுத்துடுங்க."

எழுதிக் கொடுத்தால் தாத்தா காலத்துப் பொருளை விட்டுவிட்டாளே என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். அது அக்காவின் கவலை என்று எனக்குத் தெரியும். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. மகன் என்ன சொல்லப்போகிறான் என்று அவன் முகத்தையே பார்த்தேன். ரசீது எங்கே என்று தேடவே வேண்டாம். அவன் தலைக்குப் பின்னால் சுவரில், கரண்ட் பில்கள் குத்தியிருந்த கம்பியில் அதுதான் முதலில் தெரிந்தது.

அவன் எழுந்தான். சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தான். ஃப்ரிட்ஜ் மேல் தடவினான். சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டான்.

"எங்கயோ வெச்சோம் சார்" என்றான். "தேடிக்கினுதான் இருக்கறோம். உக்காருங்க, ஒரு வாய் காபி குடிங்க."

போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பக்கத்து வூடாம்மா? இந்த வூட்ல எல்லாருக்கும் இப்படித்தான் மறதியா?"

என் கண் காட்டிக் கொடுத்துவிடும். சட்டென்று தலையைக் குனிந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஆமா சார். ரொம்ப நாளாவே அப்படித்தான்."